அழுகுணி ஆட்டத்துக்கு ஒரு விலைப்பட்டியல்

தஞ்சாவூரிலிருந்து நான் புனே வந்து சேர்ந்தது 2009 ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரம். கட்கியில் சித்தப்பா வீட்டில் தங்கினேன். அவருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. 1869இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. பெரியவர்கள் இன்னும் கிர்க்கி என்றுதான் சொல்வார்கள், ஊரைப் பூனா என்பார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில், குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் லகோரி ஆடினார்கள். நம் ஊர் ஏழுகல்தான். அடுக்கியிருந்த கல்லைப் பந்து தட்டியதா, ஒருவன் காலால் தட்டிவிட்டானா என்று தகராறு. ஒரு சிறுமி இடுப்பில் கைவைத்து நின்று, "ரடீச்சா டாவ்! ரடீச்சா டாவ்!" என்று கத்தினாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் ஓரமாக நின்றான்.

சித்தியிடம் அர்த்தம் கேட்டேன். "ரட்ணேன்னா அழறது. நம்ம அழுகுணி ஆட்டம்தான்டி அது" என்றாள்.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. ஆட்டத்தில் ஏமாற்றுவதற்குப் பெயர் வைக்கும்போது தமிழும் மராத்தியும் திருட்டையோ பொய்யையோ நினைக்கவில்லை. இரண்டும் அழுகையை நினைத்திருக்கின்றன. தோல்வியைத் தாங்க மாட்டாதவன்தான் கள்ள ஆட்டம் ஆடுவான் என்று இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தனித்தனியே கண்டுபிடித்துவிட்டார்கள். என் தொழிலில் பதினைந்து வருஷத்துக்கு மேல் நான் தேடிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

நான் கேம் டெஸ்டர். கணினியிலும் கைப்பேசியிலும் வரும் விளையாட்டுகளை, அவை வெளியே போவதற்கு முன் ஆடிப் பார்த்து, எங்கே உடைகிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது வேலை. புனேயில் இந்தத் தொழில் அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. ஃபிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட், கேம்லாஃப்டிடமிருந்து இங்கிருந்த ஸ்டுடியோவை 2008இல் வாங்கியிருந்தது. அதைச் சுற்றிச் சிறிய நிறுவனங்கள் முளைத்தன. நான் சேர்ந்தது அப்படி ஒரு சிறிய இடம், பெயர் வேண்டாம். ஒரே விளையாட்டை நாற்பது வகை நோக்கியா போனில் ஆடிப் பார்க்க வேண்டும். ஒரு சுவரின் ஒவ்வொரு அடியிலும் முட்டிப் பார்க்க வேண்டும், எங்காவது உள்ளே புகுந்துவிட முடிகிறதா என்று. கண்டதை ஒரு படிவத்தில் எழுத வேண்டும்: செய்த படிகள், எதிர்பார்த்த விளைவு, நடந்த விளைவு. கடைசியில் அதன் கடுமைக்கு ஓர் எழுத்து. ஏ என்றால் ஆட்டம் நின்றுபோகும், அல்லது ஆட்டம் ஆட்டமாகவே இருக்காது.

ஓட்டை தேடும் புத்தி எனக்கு வேலையில் வந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் தஞ்சாவூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போவான். அங்கே எல்லாரும் ஆடியது 'முஸ்தபா'. ஆட்டத்தின் நிஜப் பெயர் 'கெடிலாக்ஸ் அண்ட் டைனசார்ஸ்', 1993இல் ஜப்பானின் கேப்காம் செய்தது என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அதில் வரும் நான்கு பேரில் ஒருவன் முஸ்தபா, இந்தியா முழுக்க ஆட்டத்துக்கே அவன் பெயரை வைத்துவிட்டார்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். செத்தால் பத்திலிருந்து கீழே எண்ணும், சுழியம் வருவதற்குள் அடுத்த டோக்கன் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரைக் காசு போடும் துளை பக்கத்தில் வைத்து டக் டக் என்று அழுத்தினால், அந்தப் பொறியில் மெஷின் ஏமாந்து ஓர் ஆட்டம் கொடுத்துவிடும். வீட்டு லைட்டரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்த பையன் ஒருவனைக் கடைக்காரர் காதைத் திருகி வெளியே தள்ளினார். கைதட்டியவர்கள் உள்ளே ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள். அவர்கள் காசு ஒன்றும் போகவில்லை, கடைக்காரர் காசுதான் போனது. ஆனாலும் கைதட்டினார்கள்.

காசு போட்டால் உயிர் கிடைக்கும் என்ற வழக்கம் அந்தக் கடையிலேயே இருந்தது என்று யாராவது சொல்லலாம். சொல்வதில் நியாயம் உண்டு. அடாரியின் 'காண்ட்லெட்' என்ற 1985ஆம் வருஷத்து மெஷினில், ஒன்றும் செய்யாமல் நின்றாலும் உயிரளவு குறைந்துகொண்டே போகும், காசு போட்டால் ஏறும். அதைவிடத் துணிந்தது 1990இல் வந்த 'டபுள் டிராகன் 3'. ஆட்டத்துக்குள்ளேயே ஒரு கடை வாசல், அதற்குள் நுழைந்து நிஜக் காசைப் போட்டால் ஆயுதமும் புதிய அடிமுறையும் கிடைக்கும். ஜப்பானில் வெளியான பதிப்பிலிருந்து அந்தக் கடைகளை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு உலகமே நடத்தும் வியாபாரத்தின் விதை அந்த மெஷினில் கிடந்தது. ஆனால் அங்கே எதிரில் இருந்தது கணினி. நான் கூடுதலாக ஒரு ரூபாய் போட்டதால் பக்கத்தில் நின்ற பையன் தோற்கவில்லை. எனக்கு இந்த வித்தியாசம் பெரியது.

மனிதனும் மனிதனும் மோதியது சைபர் கஃபேயில். என்னுடன் வேலை செய்த சதாரா பக்கத்துப் பையன் ஒருவன் கர்வே ரோடு கஃபேக்களில் வளர்ந்தவன். 'கவுன்ட்டர் ஸ்டிரைக் 1.6' பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் டீ ஆறிப்போகும். மணிக்கு இருபது ரூபாய், பத்துக் கணினி, ஒரே அறை, ஐந்துக்கு ஐந்து. இருபது ரூபாய் கொடுத்தவனுக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அந்த மணிக்குள் மில் முதலாளி மகனும் மெஸ் சமையல்காரர் மகனும் ஒரே துப்பாக்கியோடு நின்றார்கள். ஆட்டத்துக்குள் துப்பாக்கி வாங்கப் பணம் உண்டு, ஆனால் அது அந்த ஆட்டத்திலேயே ஆடிச் சம்பாதித்த பணம். சுவருக்குப் பின்னால் இருப்பவனைக் காட்டிக் கொடுக்கும் வால்ஹேக் போட்டவனைப் பிடிக்க மென்பொருள் தேவைப்படவில்லை. தோற்றவர்களில் ஒருவன் எழுந்துபோய் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பான். குறி சுவர் மேலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் அறை முழுக்க ஒரே கூச்சல். மறுநாள் அவனோடு யாரும் ஆட மாட்டார்கள்.

அந்தக் கூச்சல் கேட்காத இடத்துக்கு ஆட்டம் போனபோது என்ன ஆகும் என்பதை 2018 அக்டோபரில் பார்த்தோம். ஷாங்காயில் கவுன்ட்டர் ஸ்டிரைக் ஆசியப் போட்டி, மேடையில் ஆப்டிக் இந்தியா அணி. ஆட்டத்தின் நடுவே நடுவர்கள் ஓர் இந்திய வீரரின் கணினியைச் சோதித்தார்கள். வேர்ட் மென்பொருளின் பெயரை வைத்து ஒளித்திருந்த குறிபார்க்கும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அழிக்கப் பார்த்தார், முடியவில்லை. அணி போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டது, கலைக்கவும் பட்டது. அவருக்கு ஐந்து வருஷத் தடை. எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சதாரா பையன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "ரடீ." அந்த வீரர் செய்தது குற்றம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. என்னை அரிப்பது வேறு கேள்வி. அதே உதவியை நிறுவனமே விலைக்கு விற்றிருந்தால் அதற்கு நாங்கள் என்ன பெயர் வைத்திருப்போம்?

நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம், 2009 அக்டோபரில், இலவசச் செயலிகளுக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று ஆப்பிள் அனுமதித்தது. ஆட்டம் இலவசம், உள்ளே கடை. இதைக் கண்டுபிடித்தது ஆப்பிள் இல்லை. 1997இலேயே 'அகேயா' என்ற எழுத்தால் ஆன இணைய விளையாட்டில் பொருள்களை ஏலம் விட்டார்கள். கொரியாவின் நெக்ஸான் இலவச ஆட்டம், விலைக்குப் பொருள் என்ற வழியில் நிறுவனத்தையே வளர்த்தது. அதன் 'மேப்பிள்ஸ்டோரி'யில் 2004இல் ஜப்பானில் வைத்த குலுக்கல் பெட்டிதான் இன்றைய லூட் பாக்ஸுக்கு முன்னோடி. 2006 ஏப்ரலில் 'ஆப்லிவியன்' என்ற ஆட்டம் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகம் பூராவும் திட்டினார்கள். அழகுக்கு ஒரு கவசம், யாரையும் தோற்கடிக்காத கவசம், அதற்கே அந்தக் கோபம். இன்றைக்கு அந்தக் கோபத்தை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

எனக்கு விஷயம் உறைத்தது 2012இல். கட்டடம் கட்டும் ஆட்டம் ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. பட்டறை எழுப்ப எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், ரத்தினக்கல் கொடுத்தால் உடனே எழும், கல்லுக்கு நிஜப் பணம். அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். போனின் அமைப்புக்குள் போய்க் கடிகாரத்தை எட்டு மணி முன்னால் தள்ளிவைத்துவிட்டுத் திரும்பி வந்தால் பட்டறை எழுந்து நிற்கிறது. நேரத்தைப் போனிடம் கேட்காமல் சர்வரிடம் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் பிழை. 'பி' என்று குறித்து அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு லீட் கூப்பிட்டார், அதை 'ஏ' ஆக்கச் சொன்னார். விடிவதற்குள் திருத்தம் வந்துவிட்டது. அதே ஆட்டத்தில் பழைய போன்களில் சேமித்தது எல்லாம் அழிந்துபோகும் பிழை ஒன்றை நான் மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தேன். அது அப்படியே கிடந்தது.

பரிசலில் வீட்டுக்குப் போவது மாதிரி ரோடெல்லாம் தண்ணீராக இருந்த அந்தக் காலையில், ஆட்டோவில் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். செய்த படிகள் வேறு, நடந்த விளைவு ஒன்றே: எட்டு மணிநேரப் பட்டறை ஒரு நொடியில் எழுகிறது. காசில்லாமல் எழுந்தால் ஏ வகைப் பிழை. காசு கொடுத்து எழுந்தால் அதன் பெயர் அம்சம். நான் காத்துக்கொண்டிருந்தது ஆட்டத்தின் நியாயத்தை என்று நினைத்திருந்தேன், கல்லாப்பெட்டியைக் காத்திருக்கிறேன்.

அடுத்த வருஷமே பெரிய இடத்தில் ஆட்டமும் கல்லாப்பெட்டியும் மோதிக்கொண்டன. 'டயப்லோ 3' ஆட்டத்தில் பிளிஸார்ட் நிறுவனமே ஏலச் சந்தை வைத்திருந்தது, நிஜ டாலருக்கு ஆட்டப்பொன் வாங்கலாம். 2013 மே மாதத் திருத்தம் ஒன்றில், ஒரு தடவையில் விற்கக்கூடிய பொன்னின் அளவை 10 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தினார்கள். ஓர் எண்ணை மாற்றியதுதான். பெரிய அளவில் விற்பனைக்கு வைத்து ரத்து செய்தால் வைத்ததைவிட அதிகப் பொன் திரும்பி வந்தது. சில மணி நேரத்தில் சந்தையில் கோடிக்கணக்கில் பொன் கொட்டியது. சந்தையையே தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று. எங்கள் அலுவலகத்தில் டெஸ்டர்கள் அந்தச் செய்தியைத் தொழில் பாடமாகப் படித்தோம்: வரம்பை மாற்றினால் வரம்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பார். 2014 மார்ச்சில் பிளிஸார்ட் அந்தச் சந்தையை ஒரேயடியாக நீக்கிவிட்டது. பொருளை வாங்க முடிந்தால் அதைத் தேடிப் போகும் ஆட்டம் செத்துவிடுகிறது என்று அதை நடத்தியவர்களே உணர்ந்த அரிய சந்தர்ப்பம் அது என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் கதவு திறந்தது 2016 செப்டம்பரில், ஜியோவோடு. 2018இல் 'பப்ஜி மொபைல்' வந்தது. கட்கி குவார்ட்டர்ஸ் படிக்கட்டுகளில் லகோரிக்குப் பதில் நாலு தலை குனிந்து உட்கார்ந்திருக்கும். பப்ஜி விற்றது பெரும்பாலும் உடையும் துப்பாக்கியின் நிறமும், அதற்கு நான் பெரிய குறை சொல்ல மாட்டேன். விலை குறைந்த போன்களில் ஓடியது சிங்கப்பூர் கரீனாவின் 'ஃப்ரீ ஃபயர்'. அதில் துப்பாக்கியின் சட்டையை மாற்றினால் சேதமும் வேகமும் மாறும். 2019இல் பிரேசில் இசைக்கலைஞர் அலோக் பெயரில் ஒரு பாத்திரம் வந்தது, விலை 599 டயமண்ட், நிஜப் பணத்துக்கு வாங்கும் ஆட்டக்காசு. அவனைச் சுற்றி 5 மீட்டருக்குள் நிற்பவர்களுக்கு உயிரளவு ஏறும், ஓட்டம் கூடும். டெஸ்டர் கண்ணால் பாருங்கள். ஒருவன் எங்கிருந்தோ ஒரு நிரலை இறக்கி இதே காரியத்தைச் செய்தால் அவன் கணக்கை முடக்குவார்கள்.

2020 ஊரடங்கின்போது இந்த வியாபாரம் எங்கள் வீட்டுக்கே வந்தது. சித்தப்பாவின் பேரன், அப்போது பதின்மூன்று வயது, என்னை அத்தை என்று கூப்பிடும் பிள்ளை. எந்த ஆட்டம் என்பது இங்கே தேவையில்லை. ஓய்வூதியம் வரும் கணக்கு தாத்தாவின் போனில் இணைந்திருந்தது, ரகசிய எண்ணை அவர் பேரன் கண்முன்னேதான் அழுத்துவார். நாற்பது ரூபாய், எண்பது ரூபாய், மறுபடி நாற்பது. பால்காரருக்குக் கொடுக்கும் தொகை மாதிரியே இருந்ததால் சித்தப்பா கவனிக்கவில்லை. நாலு மாதத்தில் பதினோராயிரத்துச் சொச்சம். வங்கிப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் பால்கனியில் போய் நின்றார்.

பையனை யாரும் அடிக்கவில்லை. ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எல்லார்கிட்டயும் இருக்கு அத்தை. இல்லாதவன ஸ்குவாட்ல சேத்துக்க மாட்டாங்க. சேத்தாலும் முதல்ல சாவறதுக்குத்தான்."

நம் ஊரில் சின்னப் பிள்ளைகளை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோம். இங்கே லிம்பூ டிம்பூ என்பார்கள். ஆட்டத்தில் இருப்பான், அவுட் ஆனாலும் அவுட் இல்லை. சின்னவன் மனம் நோகக்கூடாது என்று பெரிய பிள்ளைகள் செய்த ஏற்பாடு. இந்த ஆட்டங்களில் அது தலைகீழாகிவிட்டது. காசு கட்டாமல் ஆடும் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒப்புக்குத்தான் இருக்கிறார்கள், ஆனால் தோற்பதற்காக இருக்கிறார்கள். காசு கட்டியவனுக்கு வெல்வதற்கு ஆள் வேண்டுமே. என் மருமகன் அந்தப் பதினோராயிரத்தைக் கொடுத்து வாங்கியது ஜெயிப்பதை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆளாக மதிக்கப்படுவதை வாங்கினான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சட்டம் இந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. பப்ஜி 2020 செப்டம்பர் 2 அன்றும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் தடையானது நாட்டின் பாதுகாப்புக் காரணம் சொல்லி, கடையைக் காரணம் சொல்லி இல்லை. பப்ஜிக்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்த ஆட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது என்று உச்சவரம்பு வைத்தது. ஒரு நாளைக்கு ஏழாயிரம் என்பது யாரைக் காக்கும் வரம்பு என்று அன்றே கேட்டேன். நம் நீதிமன்றங்களின் கேள்வி வேறு. பெங்களூரில் அச்சான 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டி பம்பாய் மாகாணத்தில் கூப்பன் விற்றது. புனேயும் அப்போது அந்த மாகாணத்தில்தான். 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் திறமைப் போட்டியையும் சூதாட்டத்தையும் பிரித்துக் கோடு போட்டது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்து 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற சட்டமும், 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட மத்தியச் சட்டமும் பந்தயப் பணத்தைத்தான் முதலில் பார்க்கின்றன. ரம்மியால் செத்தவர்கள் உண்டு, அந்தச் சட்டங்கள் வேண்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் போட்ட பணம் திரும்பியே வராத ஆட்டம் அவர்கள் கணக்கில் சூது ஆகாது. ஜப்பான் 2012இல் ஒருவகைக் குலுக்கலை நிறுத்தியது. பெல்ஜியம் 2018இல் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றது. அதற்கு முந்தைய நவம்பரில் 'பேட்டில்ஃப்ரண்ட் 2' ஆட்டத்தில் டார்த் வேடரைத் திறக்க நாற்பது மணி நேரம் ஆட வேண்டும் என்று ஆடுகிறவர்களே கணக்குப் போட்டுக் காட்டி, வெளியீட்டுக்கு முதல் நாள் கடையை மூட வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கர்வே ரோடு கஃபேயின் கூச்சல் கேட்டது.

புனே விதி எழுதிய ஊர். 1870களில் இங்கிருந்த ராணுவ முகாமில் ஆடிய இறகுப்பந்துக்குப் பூனா என்றே பெயர் இருந்தது. கம்பளி நூல் பந்தை வைத்து 1856 வாக்கிலேயே தஞ்சை மராட்டிய அரச குடும்பம் ஆடியது என்பார்கள், ஆகையால் அதில் என் ஊருக்கும் பங்கு உண்டு. கோ-கோவுக்கு முதல் விதிகளை 1914இல் வகுத்தது டெக்கான் ஜிம்கானா. எத்தனை பேர், எத்தனை நிமிஷம், கோடு எங்கே என்று உட்கார்ந்து பேசி எழுதினார்கள். இன்று இதே ஊரில் சூப்பர்கேமிங் நிறுவனம் 'இண்டஸ்' என்ற போர் ஆட்டத்தைச் செய்து 2024 அக்டோபரில் வெளியிட்டது. கல்லூரி முடித்த மராட்டியப் பிள்ளைகள் விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதுகிற கை நம் கையாகிவிட்டது. இனிமேல் யாரையோ குறை சொல்லிவிட்டு நகர முடியாது.

நான் இப்போது இருப்பது ஏழு பேர் கொண்ட குழு, பாணேர் பக்கம் ஒரு மாடி. போன வாரம் வந்த பில்டில், ஆட்டத்தின் கடைசி முப்பது விநாடியில் செத்தவனுக்கு மட்டும் ஒரு பொத்தான் வருகிறது, 29 ரூபாய்க்கு இன்னோர் உயிர். பொத்தான் சரியாக வேலை செய்கிறது, எல்லாப் போனிலும் பார்த்தேன். எதிர்பார்த்த விளைவு: செத்தவன் வெளியே போய் நிற்பான். நடந்த விளைவு: எழுந்து வந்து ஜெயித்தவனைச் சுடுகிறான். கடுமை ஏ. தலைப்பு எழுதும் இடத்தில் 'ரடீச்சா டாவ்' என்று எழுதி அனுப்பினேன்.

டிசைனர் கோலாப்பூர்ப் பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். படித்துவிட்டு எழுந்து என் மேசைக்கு வந்தாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "அக்கா, இதைப் பிழைன்னு மூட முடியாது, அம்சம்னும் மூட மனசு வரல" என்றாள் மராத்தியில். போய் உட்கார்ந்தாள். அந்தப் படிவம் இன்னும் திறந்தே இருக்கிறது.